பிறர் பெயரில் சரக்கு போடுகிறீர்களா? கையெழுத்துக்கு முன் இதைப் படியுங்கள்



தை அமாவாசைக் கூட்டம் ஓய்ந்த மறுநாள், நமது சங்க உறுப்பினர் ஒருவரின் மகன் என் கடைக்கு வந்தார். கையில் 14 பக்கத்தில் ஓர் ஆங்கில ஒப்பந்தம். முண்டு மிளகாயை அரைத்துப் பொடியாக்கி, பெயர் பெற்ற ஒரு வெளியூர் நிறுவனத்தின் பெயரைப் போட்டுப் பாக்கெட்டில் அடைத்து விற்பதற்கான உரிமம் அது.

"அண்ணாச்சி, ஸ்டாம்ப் பேப்பர் வாங்கியாச்சு. சாட்சிக் கையெழுத்து மட்டும் நீங்க போட்டாப் போதும்" என்றார்.

"முழுக்கப் படிச்சியா தம்பி?" என்று கேட்டேன்.

"எல்லா ஊர்லயும் இதே பேப்பர்தானாம் அண்ணாச்சி. கம்பெனிக்காரங்க சொன்னாங்க."

நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன். காரணம், இதே வார்த்தையை நம்பி 2012-ஆம் ஆண்டு நான் ஒரு கையெழுத்துப் போட்டவன். அந்தக் கையெழுத்து எனக்கு இரண்டு கருப்பட்டிப் பருவங்களைத் தின்றுவிட்டது. அந்த அனுபவத்தையும், அதற்குப் பிறகு வக்கீல்களிடம் கேட்டும் தீர்ப்புகளைப் படித்தும் தெரிந்துகொண்டவற்றையும் நம் உறுப்பினர்கள் அறிய வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

நான் போட்ட கையெழுத்து

சாயல்குடி, கடலாடிப் பக்கத்துப் பனைத் தொழிலாளர்களிடம் பரம்பரையாகக் கருப்பட்டி கொள்முதல் செய்து வந்தவன் நான். ஓலைக் கொட்டானில் வந்த சரக்கை அப்படியே விற்றுக் கொண்டிருந்தேன். அப்போது ஒரு நிறுவனம் வந்தது. "உங்கள் கருப்பட்டிக்கு எங்கள் பெயரைக் கொடுக்கிறோம். எங்கள் அட்டைப் பெட்டியில் போட்டால் யாத்திரிகர்கள் கேட்டு வாங்குவார்கள்" என்றார்கள். அது உண்மையும்கூட. முதல் வருடம் விற்பனை நன்றாகவே இருந்தது.

ஒப்பந்தத்தில் ஐந்து நிபந்தனைகள் முக்கியமானவை. ஒன்று, அவர்கள் சொல்லும் தரத்தில்தான் சரக்கு இருக்க வேண்டும். இரண்டு, கருப்பட்டிப் பெயருக்கு உரிமம் வேண்டுமானால் அவர்களுடைய சுக்குக் காப்பிப் பொடியையும் மாதம் குறிப்பிட்ட பெட்டி எடுத்தாக வேண்டும். மூன்று, அவர்கள் சொல்லும் விலைக்குக் கீழே விற்கக் கூடாது. நான்கு, பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம் எனக்கு. அந்தப் பக்கம் வேறொருவருக்கு. ஐந்து, ஒப்பந்தம் நடக்கும் காலத்திலும், அது முடிந்த பிறகு இரண்டு வருடங்களுக்கும், வேறு எந்தப் பெயரிலும் நான் கருப்பட்டி வியாபாரம் செய்யக் கூடாது.

2015-இல் ஒப்பந்தம் முடிந்தது. சுக்குக் காப்பிப் பொடி தேங்கிப் பூசணம் பிடித்ததால் நான் புதுப்பிக்கவில்லை. ஐந்தாவது நிபந்தனைக்குப் பயந்து இரண்டு பருவம் கருப்பட்டியைக் கையால் தொடவில்லை. எனக்குச் சரக்கு கொடுத்து வந்த குடும்பங்கள் வேறு வியாபாரியிடம் போய்விட்டன. அவர்களைக் குறை சொல்ல முடியாது. காய்ச்சிய கருப்பட்டியை வைத்துக் கொண்டு எத்தனை நாள் காத்திருப்பார்கள்? 2017-இல் வேறு ஒரு காரியமாக இராமநாதபுரத்தில் ஒரு வக்கீலைப் பார்த்தபோது பேச்சோடு பேச்சாக இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். "முடிந்த பிறகும் வியாபாரம் செய்யக் கூடாது என்ற அந்த வரி செல்லவே செல்லாதே, ஐயா" என்றார். அந்தத் தாளுக்கு நான் கொடுத்த மரியாதையைச் சட்டம் கொடுக்கவில்லை என்பது அன்றுதான் தெரிந்தது.

யாருக்கு உரிமம் தேவை?

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடுகிறேன். ஒரு நிறுவனத்தின் அசல் சரக்கை முறையாகப் பில் போட்டு வாங்கி, அப்படியே விற்கும் மளிகைக் கடைக்காரருக்கு எந்த உரிமமும் தேவையில்லை. பெயர் அவர்களுடையதாக இருந்தாலும், காசு கொடுத்து வாங்கிய சரக்கு நம்முடையது.

உரிமம் தேவைப்படுவது, சரக்கை நாம் தயாரித்து அல்லது பொட்டலமிட்டு, அதன் மேல் பிறருடைய பெயரையோ சின்னத்தையோ போடும்போதுதான். மிளகாய்ப் பொடி, அப்பளம், குடிநீர் கேன், சோடா என்று நம் பகுதியில் இப்படிச் செய்பவர்கள் பலர் உண்டு. பெயர் வணிகக் குறியீட்டுச் சட்டத்தின்படி அவர்களுடைய சொத்து. வீட்டை வாடகைக்கு விடுவது போல் அதை நமக்கு விடுகிறார்கள். வீட்டுக்காரர் நிபந்தனை போடலாம். ஆனால் எந்த எல்லை வரை போடலாம்? ஒப்பந்தச் சட்டமும் போட்டிச் சட்டமும் பேசுவது இந்த எல்லையைத்தான்.

கோல்டு ஸ்பாட் வழக்கு

இந்த எல்லையை நம் நாட்டில் தெளிவாகக் காட்டிய வழக்கு, நாம் எல்லோரும் கடையில் விற்ற சரக்கைப் பற்றியது. கோல்டு ஸ்பாட், லிம்கா, தம்ஸ் அப் பாட்டில்களை ஐஸ் பெட்டியில் வைத்து விற்காத மளிகைக் கடை அன்று உண்டா? 1977-இல் கோகோ கோலா இந்தியாவை விட்டுப் போன பிறகு பார்லே நிறுவனத்தின் அந்தப் பெயர்கள்தான் கொடி கட்டிப் பறந்தன. 1993-இல் கோகோ கோலா திரும்பி வந்தது. பார்லேயிடமிருந்து அந்தப் பெயர்களையே விலைக்கு வாங்கிக் கொண்டது.

அகமதாபாத்திலும் ராஜ்கோட்டிலும் அந்தப் பானங்களைப் பாட்டிலில் அடைத்து விற்று வந்தது குஜராத் பாட்லிங் கம்பெனி. கோகோ கோலாவுடன் அது 1993-இல் செய்த ஒப்பந்தத்தில், ஒப்பந்தம் நடக்கும் காலத்திலும், முறித்துக்கொள்ளக் கொடுக்கும் ஒரு வருட நோட்டீஸ் காலத்திலும், வேறு எந்தப் பெயருள்ள பானத்தையும் தயாரிக்கவோ விற்கவோ கூடாது என்று இருந்தது. 1995 ஜனவரியில் அந்தக் கம்பெனியின் பங்குகள் பெப்சி தரப்புக்குக் கை மாறின. புதிய சொந்தக்காரர்கள் பெப்சி பானத்தை அடைக்கப் பார்த்தார்கள். கோகோ கோலா பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1995 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது.

பாட்லிங் கம்பெனியின் வாதம் இதுதான்: "1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. ஆகவே இந்த நிபந்தனை செல்லாது."

உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. ஒருவருடைய பெயரை வாங்கி விற்க ஒப்புக்கொண்டவர், அந்த ஒப்பந்தம் உயிரோடு இருக்கும் வரை அந்தச் சரக்கிலேயே முழுக் கவனம் வைக்க வேண்டும் என்பது தொழிலைத் தடுப்பதாகாது. அந்தச் சரக்கின் வியாபாரத்தை வளர்ப்பதற்கான ஏற்பாடே அது என்றது. பம்பாயில் கொடுத்த தடை நிலைத்தது.

நாம் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டு. ஒப்பந்தம் நடக்கும் காலத்தில் "வேறு பெயரைத் தொடாதே" என்றால் பொதுவாக அது செல்லும். ஆகவே கையெழுத்துப் போட்ட பிறகு புலம்பிப் பயனில்லை. நோட்டீஸ் காலமும் ஒப்பந்தக் காலத்தில் சேர்ந்ததே. ஒரு வருட நோட்டீஸ் என்றால் இன்னும் ஒரு வருடம் கட்டுண்டு கிடக்க வேண்டும்.

ஆனால் ஒப்பந்தம் முழுவதுமாக முடிந்த பிறகு? அங்கே சட்டம் வேறு முகம் காட்டுகிறது. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானுக்கும் அவருடைய விளம்பரங்களைக் கவனித்த ஒரு நிறுவனத்துக்கும் இடையே ஒரு வழக்கு நடந்தது. மூன்று வருட ஒப்பந்தம் முடிந்த பின்னும், வேறு யாருடனும் சேருமுன் தங்களுக்கே முதல் வாய்ப்பு தர வேண்டும் என்று அந்த நிறுவனம் கேட்டது. 2006-இல் உச்ச நீதிமன்றம், ஒப்பந்தக் காலம் தாண்டி ஒருவரைக் கட்டிப்போடும் அப்படிப்பட்ட நிபந்தனை 27-ஆம் பிரிவின்படி செல்லாது என்றது. வியாபாரத்தையே அதன் நற்பெயரோடு ஒருவருக்கு விற்றுவிட்டால் மட்டும், நியாயமான எல்லைக்குள் "அதே தொழிலை அருகில் செய்ய மாட்டேன்" என்ற உறுதி செல்லும். நான் எதையும் விற்கவில்லை. பெயரை வாடகைக்கு எடுத்துத் திருப்பிக் கொடுத்தவன். என்னுடைய ஐந்தாவது நிபந்தனையின் பின்பாதி வெறும் மை.

பழைய சட்டமும் புதிய சட்டமும்

இதுவரை சொன்னது ஒப்பந்தச் சட்டம். அது இரண்டு பேருக்கு நடுவில் நியாயம் பார்க்கும். சந்தை முழுவதற்கும் நியாயம் பார்க்க வேறு சட்டம் உண்டு. நம் தலைமுறைக்குத் தெரிந்தது 1969-ஆம் ஆண்டின் எம்.ஆர்.டி.பி. சட்டம். அதன் இடத்தில் 2002-இல் போட்டிச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் முக்கியப் பிரிவுகள் 2009 மே மாதம் நடைமுறைக்கு வந்தன. டெல்லியில் உள்ள இந்தியப் போட்டி ஆணையம் இதை நடத்துகிறது. 2021-இல் சென்னையிலும் ஒரு மண்டல அலுவலகம் திறந்தார்கள்.

அச்சட்டத்தின் 3-ஆம் பிரிவு, போட்டியைக் கெடுக்கும் ஒப்பந்தங்கள் செல்லாது என்கிறது. ஒரு சரக்கோடு இன்னொன்றைத் தலையில் கட்டுவது, மற்றவர் சரக்கை விற்கக் கூடாது என்பது, குறிப்பிட்ட பகுதிக்கு வெளியே விற்கக் கூடாது என்பது, சிலருக்கு விற்க மறுப்பது, நாம் விற்கும் விலையை அவர்களே கட்டுவது ஆகியவற்றைப் பெயர் சொல்லியே பட்டியலிடுகிறது. 4-ஆம் பிரிவு, சந்தையில் மேலோங்கி நிற்பவர் தம் பலத்தைத் தவறாகப் பயன்படுத்தக் கூடாது என்கிறது.

அதே 3-ஆம் பிரிவில் ஐந்தாவது உட்பிரிவாக ஒரு விலக்கு உண்டு. வணிகக் குறியீடு, காப்புரிமை, பதிப்புரிமை, வடிவமைப்பு, புவிசார் குறியீடு போன்ற உரிமைகள் உள்ளவர், அவற்றைக் காப்பாற்றத் தேவையான நியாயமான நிபந்தனைகளைப் போடலாம் என்பதே அது. "நியாயமான", "தேவையான" என்ற இரண்டு சொற்களிலும் அடிக்கோடு போட்டுக் கொள்ளுங்கள். பெயர் என்னுடையது என்பதற்காக எதையும் எழுதலாம் என்று சட்டம் சொல்லவில்லை. அது மட்டுமல்ல, இந்த விலக்கு 3-ஆம் பிரிவுக்குத்தான். 4-ஆம் பிரிவுக்கு இல்லை.

கார் உதிரிபாக வழக்கில் இது வெளிப்பட்டது. கார்க் கம்பெனிகள் உதிரிபாகங்களை வெளிச்சந்தையில் கிடைக்க விடாமல், தம் டீலர்கள் வழியாக மட்டுமே விற்றன. கேட்டால் "எங்கள் அறிவுசார் சொத்து" என்றன. 2014 ஆகஸ்டில் ஆணையம் அதை ஏற்கவில்லை. அந்த உரிமை இந்தியாவில் முறையாக இருப்பதைக் காட்டு, அதைக் காப்பாற்ற இந்தக் கட்டுப்பாடு தேவை என்றும் காட்டு என்றது. 14 கம்பெனிகளுக்கு ரூ. 2,544 கோடிக்கு மேல் அபராதம் விதித்தது. தொகை பற்றி மேல்முறையீடுகள் நடந்தன. ஆனாலும் "காட்டு" என்று கேட்டது நமக்கும் பயன்படும்.

நிபந்தனைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்

இனி என் பழைய ஒப்பந்தத்தையே தராசில் வைக்கிறேன்.

தரம்: கருப்பட்டியில் சர்க்கரைப்பாகு கலக்கக் கூடாது, அவர்கள் ஆள் வந்து பார்ப்பார், பெட்டியில் அச்சு இப்படித்தான் இருக்க வேண்டும். இவை நியாயமானவை. நான் கலப்படம் செய்தால் கெட்டுப் போவது அவர்கள் பெயர். இதில் முணுமுணுக்க நமக்கு உரிமை இல்லை.

தலையில் கட்டும் சரக்கு: சுக்குக் காப்பிப் பொடிக்கும் கருப்பட்டிப் பெயரைக் காப்பாற்றுவதற்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. இதற்கு உலகப் புகழ் பெற்ற வழக்கு உப்பு வியாபாரத்தில் நடந்தது என்பது, வாலிநோக்கம் உப்பளங்களைப் பார்த்து வளர்ந்த நமக்குச் சுவையான செய்தி. அமெரிக்காவில் இன்டர்நேஷனல் சால்ட் என்ற கம்பெனி, பாறை உப்பைக் கரைக்கும் இயந்திரத்துக்கும் டப்பா உணவில் உப்பு சேர்க்கும் இயந்திரத்துக்கும் காப்புரிமை வைத்திருந்தது. இயந்திரத்தை வாடகைக்கு எடுப்பவர் உப்பையும் தன்னிடமே வாங்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது. 1947-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இயந்திரத்துக்குத்தான் காப்புரிமை, உப்புக்கு இல்லை என்ற அடிப்படையில் அந்த நிபந்தனை சட்ட விரோதம் என்றது. நம் நாட்டில் காப்புரிமைச் சட்டத்தின் 140-ஆவது பிரிவும், காப்புரிமை உரிமத்தோடு வேறு சரக்கைக் கட்டாயமாக வாங்க வைக்கும் நிபந்தனை செல்லாது என்கிறது. வணிகக் குறியீட்டு உரிமத்தில் இப்படிக் கட்டினால் போட்டிச் சட்டத்தின் 3-ஆம் பிரிவில் கேள்வி கேட்க இடம் உண்டு.

விலை: அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் விற்றால் நம்மீது குற்றம். அதற்குக் கீழே விற்பது நம் விருப்பம். கீழே விற்காதே என்று கட்டளையிடுவது மறுவிற்பனை விலைக் கட்டுப்பாடு. டீலர்கள் கொடுக்கும் தள்ளுபடிக்கு எல்லை கட்டியதாக மாருதி நிறுவனத்துக்கு 2021-இல் ஆணையம் ரூ. 200 கோடி அபராதம் விதித்தது; நிறுவனம் மேல்முறையீடு செய்தது. யாத்திரைக் கூட்டம் குறைந்த மாதத்தில் இரண்டு ரூபாய் குறைத்து விற்றுச் சரக்கைத் தள்ள நினைக்கும் கடைக்காரரின் உரிமை இது. பெயரைக் காப்பாற்ற இந்தக் கட்டு தேவை என்று நிரூபிப்பது எளிதல்ல.

பகுதி: பாலத்துக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்ற பிரிவினை எப்போதும் தவறல்ல. டெல்கோ லாரிக் கம்பெனி டீலர்களுக்கு எல்லை பிரித்துக் கொடுத்ததை எதிர்த்த வழக்கில், 1977-இல் உச்ச நீதிமன்றம் தொழிலின் நிலைமையைப் பார்த்தது. லாரிகள் தட்டுப்பாடாக இருந்த காலத்தில் எல்லா ஊருக்கும் சரக்கும் சர்வீசும் கிடைக்க அந்த ஏற்பாடு உதவியது என்று ஏற்றுக் கொண்டது. ஆகவே எல்லை போட்டால் உடனே சண்டைக்குப் போக வேண்டாம். அந்த எல்லை நமக்கும் பாதுகாப்பாக இருக்கிறதா, நம் பகுதிக்குள் அவர்களே வேறு ஆளை இறக்க முடியுமா என்று பாருங்கள். என் ஒப்பந்தத்தில் என் கை கட்டப்பட்டிருந்தது. அவர்கள் கை கட்டப்படவில்லை.

வேறு பெயர் கூடாது: நடக்கும் காலத்துக்குச் செல்லும், முடிந்த பிறகு செல்லாது. முன்பே சொல்லிவிட்டேன்.

யானைக்கும் எறும்புக்கும் ஒரே கோர்ட் அல்ல

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். போட்டி ஆணையம் எல்லா ஒப்பந்தத்தையும் தூக்கிப் பார்க்காது. அந்த நிபந்தனையால் இந்தியச் சந்தையில் போட்டிக்குக் குறிப்பிடத்தக்க கேடு வருகிறதா என்று கேட்கும். புதியவர்கள் நுழைய முடியாமல் போகிறதா, இருப்பவர்கள் வெளியேறுகிறார்களா, வாங்குபவருக்கு நன்மையா தீமையா என்று எடை போடும். எனக்குப் பெயர் கொடுத்த நிறுவனம் சந்தையில் சிறியது. அதன் சுக்குக் காப்பிப் பொடிக்காக டெல்லியில் ஆணையம் உட்கார்ந்திருக்காது. அந்த இடத்தில் என்னைக் காப்பாற்றக் கூடியவை ஒப்பந்தச் சட்டமும், கையெழுத்துக்கு முன் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளும்தான். சந்தையில் பாதியைக் கையில் வைத்திருக்கும் நிறுவனம் அதே நிபந்தனையைப் போட்டால் கதை வேறு. அதன் மொத்த விற்பனையில் 10 சதவீதம் வரை அபராதம் போட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

காப்புரிமையில் இன்னொரு மாற்றமும் வந்திருக்கிறது. கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கம் பருத்தி போடுபவர்களுக்கு பி.டி. விதை தெரியும். அந்தத் தொழில்நுட்பத்தை விதைக் கம்பெனிகளுக்கு உரிமம் கொடுத்த மான்சான்டோ குழுமத்தின் மீது, உரிமத் தொகையும் நிபந்தனைகளும் அநியாயம் என்ற புகாரில் 2016-இல் ஆணையம் விசாரணைக்கு உத்தரவிட்டது. செல்போன் தொழில்நுட்பத்துக்காக எரிக்சன் மீதும் அப்படியே. 2023 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம், காப்புரிமை உரிமத்தின் நிபந்தனைகளைப் பார்க்கும் வேலை காப்புரிமைச் சட்டத்துக்கே உரியது, ஆணையம் அதில் நுழைய முடியாது என்றது. 2025-இல் உச்ச நீதிமன்றமும் அந்த முடிவில் தலையிடவில்லை. இது காப்புரிமை பற்றியது. நாம் பெரும்பாலும் கையெழுத்திடும் பெயர், சின்ன உரிமங்கள் வணிகக் குறியீட்டுச் சட்டத்தின் கீழ் வருபவை. இரண்டையும் குழப்பிக்கொண்டு யாராவது "ஆணையமே இனி இல்லை" என்று பயமுறுத்தினால் நம்ப வேண்டாம்.

முண்டு மிளகாயை யாரும் குத்தகைக்கு விட முடியாது

தம்பி கொண்டு வந்த ஒப்பந்தத்தில் ஒரு வரி என்னைத் துணுக்குறச் செய்தது. "இராமநாதபுரம் முண்டு மிளகாய் என்ற பெயரைப் பயன்படுத்தும் உரிமையையும் இதன் மூலம் வழங்குகிறோம்" என்று இருந்தது.

நமது முண்டு மிளகாய் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. அது ஒரு கம்பெனியின் சொத்தல்ல. இந்த மண்ணில் விளைவிப்பவர்கள் அனைவருக்கும் பொதுவானது. 1999-ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, அந்த உரிமையை விற்கவோ, உரிமமாகக் கொடுக்கவோ, அடகு வைக்கவோ கூடாது என்று நேராகச் சொல்கிறது. விளைவிப்பவரும், பதப்படுத்திப் பொட்டலமிடுபவரும் சென்னையில் உள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளராகப் பதிவு செய்து கொள்ளலாம். ஊருணித் தண்ணீரைக் குடத்தில் எடுத்துக்கொள்ள எல்லோருக்கும் உரிமை உண்டு; ஊருணியைக் குத்தகைக்கு விட எவருக்கும் உரிமை இல்லை. வெளியூர்க்காரர் தம் கம்பெனிப் பெயரை நமக்கு வாடகைக்குத் தரலாம். நம் ஊர்ப் பெயரை நமக்கே வாடகைக்குத் தர முடியாது.

சட்டம் நம்மையும் பார்க்கிறது

இவ்வளவும் கம்பெனிகளைப் பற்றிச் சொன்னேன். சங்கத்துக்கும் ஒரு வார்த்தை. ஒரு நிறுவனம் புதிதாக ஸ்டாக்கிஸ்ட் போடும்போது, "சங்கத்தின் ஆட்சேபணையின்மைக் கடிதம் இல்லாமல் போடக் கூடாது" என்று கட்டாயப்படுத்துவது நம்மில் சிலருக்கு வழக்கமாகிவிட்டது. மருந்து வணிகர் சங்கங்கள் சில இதைச் செய்தபோது, அது போட்டிச் சட்டத்துக்கு விரோதம் என்று ஆணையம் பலமுறை கண்டித்து அபராதமும் போட்டிருக்கிறது. 2017 மார்ச்சில் அந்நியக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று தமிழக வணிகர் அமைப்புகள் கேட்டுக் கொண்டபோது, பலர் மனமுவந்து நிறுத்தினார்கள். விருதுநகரில் 1916-இல் பிறந்த காளிமார்க் போன்ற நம் பானங்கள் கடை முகப்புக்கு வந்தன. தன் கடையில் எதை விற்பது என்பதை ஒருவர் தாமே முடிவு செய்யலாம். அடுத்தவர் கடையைச் சங்கத்தின் பெயரால் கட்டுப்படுத்தும்போதுதான் வம்பு. கம்பெனியிடம் எதைக் கேட்கிறோமோ, அதை நம் சகோதரருக்கும் கொடுக்க வேண்டும்.

கையெழுத்துக்கு முன் ஏழு கேள்விகள்

1. பெயர் அவர்களுடையதுதானா? வணிகக் குறியீட்டுப் பதிவுச் சான்றின் நகலைக் கேளுங்கள். எந்தச் சரக்குக்குப் பதிவு என்பதையும் பாருங்கள்.

2. ஒப்பந்தத்தைத் தமிழில் எழுதிக் கேளுங்கள். தர மறுத்தால், படித்துச் சொல்ல வக்கீலுக்குக் கொடுக்கும் பணம் வீண் செலவல்ல. பின்னால் வரும் நஷ்டத்தில் அது ஒரு மூட்டை விலைகூட ஆகாது.

3. எத்தனை வருடம்? முறிக்க எத்தனை நாள் நோட்டீஸ்? இருவருக்கும் ஒரே கெடுவா?

4. ஒப்பந்தக் காலத்தில் வேறு பெயர் கூடாது என்றால், எந்தச் சரக்குக்கு? மிளகாய்ப் பொடிக்கு மட்டுமா, மளிகை முழுவதற்குமா? இதைக் குறுக்கச் சொல்லுங்கள்.

5. கூடவே வேறு சரக்கு எடுக்க வேண்டுமா? அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள்.

6. விலைக்குக் கீழே விற்கத் தடை உண்டா? உண்டென்றால் அதையும் அடிக்கச் சொல்லுங்கள்.

7. முடிந்த பிறகு மிச்சச் சரக்கும், அச்சடித்த உறைகளும் யார் பொறுப்பு? விற்றுத் தீர்க்க எத்தனை மாதம்? இதை எழுதாமல் விட்டவர்களின் கிடங்கில் இன்னும் பழைய அட்டைப் பெட்டிகள் கிடக்கின்றன. என் கிடங்கிலும் கிடந்தன.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பெரியவர்கள் சொன்னார்கள். கடற்கரையில் வாழும் நமக்கு அதை இன்னொருவர் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் ஆங்கிலத் தாளைக் கண்டால் மட்டும் அது நமக்கு மறந்து போகிறது.

தம்பியின் கதையை முடித்துவிடுகிறேன். மறுவாரம் அவர் நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். முண்டு மிளகாய்ப் பெயரைத் தருவதாக இருந்த வரியை எடுத்துவிட்டார்கள். விலைக் கட்டையும், முடிந்த பின் ஒரு வருடத் தடையையும் விட்டுக் கொடுத்தார்கள். ஒப்பந்தக் காலத்தில் வேறு பெயரில் மிளகாய்ப் பொடி போடக் கூடாது என்பதை மட்டும் மாற்ற மறுத்துவிட்டார்கள். அது அவர்கள் உரிமை என்று கோல்டு ஸ்பாட் வழக்கைச் சொல்லி விளக்கினேன். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "மூணு வருஷம்தானே அண்ணாச்சி, தெரிஞ்சே போடுறேன்" என்றார்.

அந்த "தெரிஞ்சே" என்ற சொல்லுக்காகத்தான் நான் காத்திருந்தேன். சாட்சிக் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தேன்.